கடலைக் கேட்டுத் தேதி குறியுங்கள்

வெள்ளிக்கிழமை சாயங்காலம் சென்னையில் ரயிலேறினால் சனிக்கிழமை காலை நாகர்கோவில். ஒரு வண்டியை வாடகைக்கு எடுத்தால் ஏறத்தாழ 16 கிலோமீட்டரில் முட்டம். அங்கிருந்து கடியப்பட்டணம், மணவாளக்குறிச்சி, மண்டைக்காடு, குளச்சல் என்று கடலை ஒட்டியே ஊர்கள் அடுத்தடுத்து வந்துகொண்டிருக்கும். ஞாயிறு இரவு ரயில் பிடித்தால் திங்கட்கிழமை வேலைக்குப் போய்விடலாம். புதிதாகக் கல்யாணமானவர்களுக்கும், பிள்ளைகளைப் படிக்க அனுப்பிவிட்டு வீட்டில் இருவராக மிஞ்சியவர்களுக்கும் குமரியின் மேற்குக் கரை பிடித்துப்போனதற்கு இந்த வசதி ஒரு காரணம். கன்னியாகுமரியின் நெரிசல் இங்கே இல்லை என்பது இன்னொன்று. இந்தப் பயணங்களுக்கு எப்படித் தேதி குறிக்கிறார்கள் என்பதுதான் என் கவலை. இருவருக்கும் சேர்ந்தாற்போல் லீவு கிடைக்கிறதா, டிக்கெட் இருக்கிறதா, அறை வாடகை கட்டுப்படியாகுமா என்று பார்க்கிறார்கள். மூன்றும் சரியென்றால் கிளம்பிவிடுகிறார்கள். அந்த வாரம் கடல் எப்படி இருக்கும் என்று கேட்பவர்கள் மிகக் குறைவு. மணவாளக்குறிச்சி போன்ற ஒரு கரைக்கு வருகிறவர்கள் முதலில் கேட்கவேண்டியது அதைத்தான்.

தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு பருவமழையும் பெறும் மாவட்டம் இது. மீன்பிடித் தடைக்காலமும் இங்கே இரண்டு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான கிழக்குக் கரைத் தடை சின்னமுட்டம் துறைமுகத்துக்குப் பொருந்தும். ஜூன் 1 முதல் ஜூலை 31 வரையிலான மேற்குக் கரைத் தடை குளச்சல் பக்கத்துக்குப் பொருந்தும். விசைப்படகுகளுக்கு விதிக்கப்படும் இந்தத் தடையின் நோக்கம் மீன்வளம்தான். ஆனால் மேற்குக் கரைத் தடை வரும் ஆனி, ஆடியில் கடலும் தன் பங்குக்குக் கதவைச் சாத்திவிடுகிறது. அலை தடுப்புச் சுவரைத் தாண்டி ரோட்டில் விழும். கரையோர வீடுகளுக்குள் தண்ணீர் புகும். அலையைத் தடுக்கக் கடலுக்குள் கல் அடுக்கிக் கட்டும் தூண்டில் வளைவு வேண்டும் என்று ஊருக்கு ஊர் கேட்பது இதனால்தான். அந்த மாதங்களில் கடலைப் பார்க்கிற வெளியூர்க்காரருக்கு அதில் கால் நனைக்கவே தோன்றாது என்பதால், ஆனி ஆடியைப் பற்றி எனக்குப் பெரிய பயம் இல்லை.

பயமெல்லாம் சித்திரையையும் வைகாசியையும் பற்றியதுதான். வானம் தெளிந்திருக்கும், காற்றும் பெரிதாக இருக்காது, காலையில் கடல் அமைதியாகக் கிடக்கும். அப்படிப்பட்ட நாளில்தான் கள்ளக்கடல் வருகிறது. இந்தியப் பெருங்கடலின் தென்கோடியில், இங்கிருந்து பல்லாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் வீசும் புயல்காற்று எழுப்பும் நீண்ட அலைகள் நாள்கணக்கில் பயணம் செய்து இந்தக் கரையைத் தொடுகின்றன. ஆழ்கடலில் அவற்றைக் கண்டுபிடிப்பதே கஷ்டம். ஆழம் குறைந்த இடத்துக்கு வந்ததும் உயர்ந்து, வழக்கமான அலை எட்டாத இடத்தையும் தாண்டி ஏறி, அதே வேகத்தில் எல்லாவற்றையும் இழுத்துக்கொண்டு திரும்புகின்றன. சாதாரண அலை சில நொடிக்கு ஒருமுறை வரும் என்றால் இது கால் நிமிட இடைவெளியிலும் வரும். அந்த இடைவெளிதான் ஏமாற்றுகிறது. அலை ஓய்ந்துவிட்டது என்று நினைத்து ஆள் இன்னும் இரண்டு எட்டு உள்ளே போகிறார்.

2024 மே 6 அன்று கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் நடந்ததை இங்கே நினைவுபடுத்தியாக வேண்டும். நண்பர் வீட்டுக் கல்யாணத்துக்காக இந்தப் பக்கம் வந்த மருத்துவ மாணவர்களில் ஐந்து பேரைக் கடல் கொண்டுபோனது. ஏப்ரல் கடைசியில் தெற்கு அட்லாண்டிக் பக்கமிருந்து இந்தியப் பெருங்கடலின் தென்பகுதிக்கு நகர்ந்த தாழ்வழுத்தம் எழுப்பிய அலைகள் அவை. அமாவாசைக்கு இரண்டு நாளே இருந்ததால் கடலேற்றமும் கூடுதல். கடல் நிலையைக் கணிக்கும் அறிவியல் மையம் தென்தமிழகக் கரைக்கும் கேரளத்துக்கும் முன்கூட்டியே எச்சரிக்கை விட்டிருந்தது. செய்தி மீனவர்களை எட்டியது, பயணிகளை எட்டவில்லை. மீனவருக்கு அது அன்றாடத் தொழில் விவரம். ஊர் சுற்ற வருகிறவரோ மழை வருமா என்று மட்டும் கைப்பேசியில் பார்க்கிறார். வெயில் படம் தெரிந்தால் அவருக்குப் போதும்.

இதில் என்னை மிகவும் உறுத்துவது, நம்முடைய விடுமுறையும் கள்ளக்கடலும் ஒரே மாதங்களில் வருவதுதான். பள்ளிகளுக்குக் கோடை விடுமுறை ஏப்ரல், மே. கல்யாண முகூர்த்தங்கள் குவிவதும், தேனிலவுக்குக் கிளம்புவதும் அப்போதே. சூரியன் மறைவதையும் நிலவு எழுவதையும் ஒரே மாலையில் பார்க்கக் கன்னியாகுமரியில் கூட்டம் கூடும் சித்ரா பௌர்ணமியும் அதே காலத்தில் வருகிறது. பௌர்ணமி என்றாலே கடலேற்றம் அதிகம். அத்தோடு தெற்கிலிருந்து நீண்ட அலையும் சேர்ந்துகொண்டால் என்ன ஆகும் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. மே மாதம் விட்டால் லீவு கிடைக்காது என்பவர்களின் சங்கடம் நியாயமானது. அவர்களை வரவேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வரட்டும். கடலில் இறங்குவது இல்லை என்று கிளம்பும்போதே இருவரும் பேசி வைத்துக்கொள்ளட்டும். கரையில் நின்று முடிவெடுத்தால் ஆசை ஜெயித்துவிடும்.

மற்றவர்கள் குளிக்கிறார்களே, ஒன்றும் ஆகவில்லையே என்று ஒரு கேள்வி வரும். அதற்கு மணவாளக்குறிச்சி மணலே பதில் சொல்லும். 1909இல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானிய வேதியியலாளர், திருவிதாங்கூரிலிருந்து போன கயிற்றில் ஒட்டியிருந்த மணலைப் பார்த்து அதில் மோனசைட் இருப்பதைக் கண்டுபிடித்தார். அந்த மணல் இந்தக் கரையுடையது. அதிலிருந்து எடுத்த தோரியம் அக்காலத்து கேஸ் விளக்குகளின் மேன்டிலுக்குப் போனது. இல்மனைட், ரூட்டைல், சிர்க்கான், கார்னெட் என்று கனமான தாதுக்கள் இங்கே குவிந்துகிடப்பதற்குக் காரணம் அலைதான். முறத்தில் புடைப்பதைப்போல அலை லேசான வெள்ளை மணலைக் கொழித்து அடித்துக்கொண்டுபோய்விட, கனத்த கறுப்பு மணல் பின்தங்குகிறது. கறுப்புப் படிவைப் பார்த்தால், அந்த இடத்தில் அலை எவ்வளவு பலமாக வேலை செய்திருக்கிறது என்பதற்கு அதுவே சாட்சி. போட்டோவுக்கு அழகாக இருக்கிறதே என்று அதன்மேல் நின்று கடலுக்கு முதுகு காட்டுவது தவறு. வள்ளியாறு கடலில் விழும் பொழிமுகம் இன்னும் மோசம். ஆற்றின் போக்கும் கடலின் நீவாடும் (நீரோட்டமும்) முட்டிக்கொள்ளும் இடத்தில் மணல்திட்டு நேற்று இருந்த இடத்தில் இன்று இருக்காது.

ஜோடியாக வருகிறவர்களைப் பற்றி ஏன் தனியாகக் கவலைப்பட வேண்டும் என்று கேட்கலாம். குடும்பமாக வருகிறவர்கள் கூட்டம் உள்ள இடத்தில் இறங்குகிறார்கள். இருவராக வருகிறவர்கள் ஆளில்லாத இடத்தைத் தேடுகிறார்கள். அந்தத் தனிமைக்காகத்தானே வருகிறார்கள், அதைக் குறைசொல்ல முடியாது. 1981இல் ‘அலைகள் ஓய்வதில்லை’ வந்ததிலிருந்து முட்டத்துப் பாறைகள் காதலர்களின் இடமாகத் தமிழ் மனத்தில் பதிந்துவிட்டன. ஆனால் அலையடித்து ஈரமான பாறையில் பாசி இருக்கும், கால் வழுக்கும். இருவரில் ஒருவர் விழுந்தால் மற்றவர் யோசிக்காமல் குதிப்பார், அன்பு அப்படித்தான் செய்யச்சொல்லும். ஒருவரைக் காப்பாற்றப் போய் இருவரும் போவது இப்படித்தான் நடக்கிறது. கூவி அழைக்க மூன்றாவது ஆள் அங்கே இல்லை. ஆகவே வள்ளம் ஏற்றி வைத்திருக்கிற, வலை பின்னுகிறவர்கள் உட்கார்ந்திருக்கிற கரையாகப் பார்த்து வண்டியை நிறுத்துவது நல்லது. “அண்ணே, கடல் எப்படிக் கெடக்கு?” என்று ஒரு வார்த்தை கேட்டால் போதும். எங்கே நிற்கலாம், எங்கே நிற்கக்கூடாது என்பதைக் கைகாட்டியே சொல்லிவிடுவார்கள். அந்தச் சில நிமிடப் பேச்சால் தனிமை ஒன்றும் கெட்டுவிடாது. மீறி இழுப்பில் மாட்டிக்கொண்டால் கரையை நோக்கி நேராக நீந்தி மூச்சு வாங்கக்கூடாது. கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நகர்ந்து இழுப்பு விட்ட பிறகு கரையேற வேண்டும். வெளியே நிற்பவர் குதிக்காமல் கயிறு, கம்பு, தண்ணீர் கேன் என்று மிதக்கும் எதையாவது வீச வேண்டும்.

எச்சரிக்கைப் பலகையும் உயிர்காப்பாளரும் இருந்தால் இந்தப் பேச்சுக்கே இடமில்லை என்பார்கள். இருக்கத்தான் வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் 71.5 கிலோமீட்டர் கரை முழுக்க ஆள் நிறுத்துவது நடக்கிற காரியமில்லை. பலகையில் இருப்பது ஆண்டு முழுவதற்கும் ஒரே வாசகம், கடலின் குணமோ வாரத்துக்கு வாரம் மாறுகிறது. திட்டம் போட்டால் பயணத்தின் சுவை போய்விடும் என்ற வாதத்தில் எனக்கு உடன்பாடு இல்லை. இங்கே திட்டம் என்பது இரண்டாவது வழி ஒன்றைக் கையில் வைத்திருப்பது மட்டுமே.

அந்த இரண்டாவது வழிக்குக் குமரியில் பஞ்சமே இல்லை. மணவாளக்குறிச்சியில் தங்கியிருப்பவர்கள் கடல் சரியில்லை என்று தெரிந்தால் வண்டியை வடக்கே திருப்பினால் போதும். தக்கலைக்குப் பக்கத்தில் பத்மநாபபுரம் அரண்மனை இருக்கிறது. அவசரமில்லாமல் பார்க்க அரைநாள் வேண்டும், திங்கட்கிழமை திறக்காது. அங்கிருந்து சற்றுத் தூரத்தில் உதயகிரிக் கோட்டை. 1741 குளச்சல் போரில் தோற்றுப் பிடிபட்டு, பிறகு திருவிதாங்கூர் படைக்கே தளபதியான, டச்சுப் படையைச் சேர்ந்த டிலனாயின் கல்லறை உள்ளே இருக்கிறது. 115 அடி உயரத்தில் தண்ணீரைச் சுமந்துபோகும் மாத்தூர் தொட்டிப்பாலம், சிதறால் மலையில் சமணர் குகைக்கோயில் என்று ஒரு பகல் போதாது. திற்பரப்பு அருவிக்குப் போகிறவர்கள் பேச்சிப்பாறையில் தண்ணீர் திறந்திருக்கிறார்களா என்று கேட்டுவிட்டுப் போகவேண்டும். கன்னியாகுமரியில் விவேகானந்தர் பாறைக்குப் படகை நிறுத்தியிருக்கிறார்கள் என்று காலையில் கேள்விப்பட்டால், மேற்கே கடலோர ரோட்டில் போகும் திட்டத்தையும் அன்றைக்கு மாற்றிவிடுவதே புத்தி.

கடலுக்காகவே வருகிறவர்கள் தையிலும் மாசியிலும் வரட்டும். வடகிழக்கு மழை ஓய்ந்து, தெற்கத்தி அலைகளும் பெரிதாகத் தொடங்காத அந்த இரண்டு மாதத்தில்தான் இந்தக் கரை நிதானமாகப் பார்க்கக் கிடைக்கிறது. மாசியில் ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். மண்டைக்காட்டம்மன் கோயிலில் மாசிக் கொடை பத்து நாள் நடக்கும். இருமுடி கட்டி வரும் பெண்களின் கூட்டம் கேரளத்திலிருந்தும் சேர்ந்துகொள்ளும். அந்த நாட்களில் மணவாளக்குறிச்சிக்கும் குளச்சலுக்கும் இடையில் வண்டி நகராது, அறையும் கிடைக்காது. கொடிமரத்தில் கொடி ஏறும் தேதியை விசாரித்து, ஒரு வாரம் முன்பாகவோ கொடை முடிந்த பிறகோ டிக்கெட் போடுவது உத்தமம்.