சக்கரத்தின் கனம்

மோட்டார் கார் என்றதும், "இது ஆண்பிள்ளைகள் படிக்க வேண்டிய கட்டுரை" என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள், தோழிகளே! உலகில் முதன்முதலாக மோட்டார் வண்டியை நெடுந்தூரம் ஓட்டிச் சென்றவர் பெர்த்தா பென்ஸ் என்னும் பெண்மணி. 1888-ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் ஒரு நாள், கணவருக்குச் சொல்லாமலே தம் இரு மகன்களையும் அழைத்துக்கொண்டு, ஜெர்மனியில் மன்ஹைம் நகரிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைம் நகருக்குப் புறப்பட்டுவிட்டார். வழியில் பிரேக் கட்டை தேய்ந்தபோது, செருப்புத் தைப்பவர் ஒருவரைக் கொண்டு அதற்குத் தோல் தைக்கச் செய்தார். ஆகவே சக்கரத்தைப் பற்றிப் பேச நமக்கும் உரிமை உண்டு.

எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தியின் அண்ணன், தங்கள் வீட்டுச் சிறிய காரின் இரும்புச் சக்கரங்களைக் கழற்றிவிட்டுப் பளபளக்கும் அலாய் சக்கரங்களை மாட்டினார். "கம்பெனிச் சக்கரம் கனம். இது ஸ்போர்ட்ஸ் கார் சக்கரம் மாதிரி, பஞ்சு போல இருக்கும். வண்டி பறக்கும்" என்றார். தோழியின் அப்பாவோ, "பறக்கிறது இருக்கட்டும், குழியில் இறங்கினால் முதுகு ஒடிகிறதே" என்றார். இருவரில் யார் சொல்வது சரி? ஸ்போர்ட்ஸ் கார்ச் சக்கரங்கள் உண்மையிலேயே பஞ்சு போன்றவையா? இதை அறிய வேண்டுமென்று எங்களுக்கும் ஆவல் பிறந்தது.

சக்கரத்தின் கனத்துக்கு அப்படி என்ன விசேஷம்? புத்தகப் பையில் அரைக் கிலோ கூடினால் நாம் அதிகம் கவனிப்பதில்லை. அதே அரைக் கிலோவை ஒவ்வொரு காலணியிலும் சேர்த்துக்கொண்டு மைதானத்தைச் சுற்றி ஓடிப் பாருங்கள். இரண்டாம் சுற்றிலேயே புரிந்துவிடும். கார் ஸ்பிரிங்குகளின் மேல் அமர்ந்திருக்கிறது. சக்கரமும் டயரும் பிரேக்கும் ஸ்பிரிங்குக்குக் கீழே இருக்கின்றன. மேட்டில் ஏறியதும் சக்கரம் துள்ளுகிறது. அதை மறுபடி சாலையில் அழுத்தி நிறுத்துவது ஸ்பிரிங்கின் வேலை. சக்கரம் இலேசாக இருந்தால் ஸ்பிரிங் அதை உடனே தரைக்குக் கொண்டுவந்துவிடும். கனமாக இருந்தால் சற்று நேரம் அந்தரத்தில் நிற்கும். டயர் தரையைத் தொடாத அந்த ஒரு கணத்தில் பிரேக்கும் பிடிக்காது, ஸ்டியரிங்கும் கேட்காது. மெதுவாகச் செல்லும் காருக்கு இது பெரிதில்லை. வளைவில் வேகமாகத் திரும்பும் ஸ்போர்ட்ஸ் காருக்கோ இது உயிர்ப் பிரச்சினை.

இரண்டாவது காரணம் சக்கரம் சுழல்வது. இதற்காக அறிவியல் ஆசிரியை சிஸ்டரிடம் அனுமதி பெற்று, ஆய்வுக்கூடத்தில் ஒரு சிறு சோதனை செய்தோம். ஒரே எடையும் ஒரே விட்டமும் கொண்ட ஒரு வளையத்தையும் ஒரு வட்டத் தட்டையும் சாய்வான பலகையின் உச்சியில் வைத்து, ஒரே நேரத்தில் விட்டோம். தட்டுத்தான் முதலில் கீழே வந்தது. "தற்செயலாக இருக்கலாம், மறுபடி செய்யுங்கள்" என்றார் சிஸ்டர். மூன்று முறையும் தட்டே வென்றது. வளையத்தில் எடை முழுவதும் ஓரத்தில் இருப்பதால் அதைச் சுழற்றுவது கடினம் என்பதே காரணம். அதாவது ஒரு சக்கரத்தின் எடை எவ்வளவு என்பதோடு, அது எந்த இடத்தில் இருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும்.

இங்கே ஒரு கட்டுக்கதையையும் உடைத்துவிடுவோம். "சக்கரத்தில் ஒரு கிலோ குறைத்தால் காரில் பத்துக் கிலோ குறைத்ததற்குச் சமம்" என்று கார்ப் பிரியர்கள் சொல்வதுண்டு. வேகம் எடுப்பதைப் பொறுத்தவரை அது நடக்கவே நடக்காது. டயரின் வெளி விளிம்பிலேயே ஒரு கிலோ இருந்தாலும், அது இரண்டு கிலோவுக்குத்தான் சமம். ஒரு பங்கு முன்னே செல்வதற்கு, ஒரு பங்கு சுழல்வதற்கு. உலோகச் சக்கரத்தின் விளிம்பு டயருக்கு உள்ளே இருப்பதால் அங்குள்ள ஒரு கிலோ சுமார் ஒன்றரைக் கிலோவுக்குச் சமமாகும். நடுவில் அச்சருகே இருக்கும் கிலோ ஏறக்குறைய வெறும் ஒரு கிலோதான். சக்கரத்தின் கனத்துக்காகக் கவலைப்படுகிறவர்கள் டயரின் கனத்தை மறந்துவிடுவது வேடிக்கைதான்.

இனி உண்மையான ஒரு காரை எடுத்துக்கொள்வோம். ஜப்பானின் மஸ்டா நிறுவனம் 1989-இல் வெளியிட்ட எம்.எக்ஸ்-5 என்னும் திறந்த கூரைக் கார். அமெரிக்காவில் இதற்கு மியாட்டா என்று பெயர். குதிரையும் சவாரி செய்பவரும் ஓருடலாதல் என்னும் பொருள்படும் 'ஜின்பா இத்தாய்' என்ற ஜப்பானியச் சொல்லையே குறிக்கோளாகக் கொண்டு இதை உருவாக்கினார்கள். முழுக் காரின் எடையே ஆயிரம் கிலோவுக்குக் குறைவு. அதற்குக் கம்பெனி கொடுத்த அலாய் சக்கரம் 14 அங்குல விட்டமும் 5½ அங்குல அகலமும் உடையது. ஏழு ஆரக்கால்கள். எடை சுமார் ஐந்தரைக் கிலோ! கம்பெனிச் சக்கரம் என்றாலே கனம் என்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

இந்தக் காரை வைத்திருப்பவர்கள் பலர் கம்பெனிச் சக்கரத்தை எடுத்துவிட்டு, வேறு தயாரிப்பாளரின் சக்கரத்தைக் கடையில் வாங்கி மாட்டுகிறார்கள். அதைக் கடைச் சக்கரம் என்று சொல்வோம். என்கை என்னும் ஜப்பானிய நிறுவனத்தின் ஆர்.பி.எஃப்-1 என்ற சக்கரம் 15 அங்குல விட்டமும் 7 அங்குல அகலமும் கொண்டது. எடை சுமார் நாலரைக் கிலோ. கம்பெனிச் சக்கரத்தைவிடப் பெரியது, அகலமானது, ஆயினும் ஒரு கிலோ குறைவு! இது கடைச் சக்கரத்தின் வெற்றிதான், ஒப்புக்கொள்வோம். ஆனால் அதே காருக்கு அழகை மட்டும் பார்த்து 17 அங்குல மலிவுச் சக்கரத்தை வாங்குபவர்களும் உண்டு. அது ஒவ்வொன்றும் எட்டு, ஒன்பது கிலோ இருக்கும். சக்கரத்துக்கு மூன்று கிலோ வீதம் நான்குக்குப் பன்னிரண்டு கிலோ கூடுகிறது. சுழல்வதற்கான பங்கையும் சேர்த்தால் ஏறக்குறைய 18 கிலோ, அதாவது எல்.கே.ஜி. குழந்தை ஒன்றை எந்நேரமும் ஏற்றிக்கொண்டு ஓட்டுவது போல. எஞ்சினுக்கு இது பெரும் பாரமல்ல. குழியில் இறங்கும்போது வாங்கும் அடிதான் பாரம். சிறிய டயரில் கன்னம் போல உப்பியிருக்கும் ரப்பர், பெரிய சக்கரத்தில் மெல்லிய பட்டையாகிவிடுகிறது. அதிர்ச்சியைத் தாங்க அங்கே ஒன்றும் இல்லை.

ஒரே அளவுள்ள இரு சக்கரங்களில் ஒன்று இலேசாகவும் மற்றொன்று கனமாகவும் இருப்பது எப்படி? செய்முறையில்தான் ரகசியம். சாதாரண அலாய் சக்கரம் வார்ப்பு. உருக்கிய அலுமினியத்தை அச்சில் ஊற்றி ஆறவைப்பது, இட்லித் தட்டில் மாவு ஊற்றுவது போலத்தான். இட்லியைப் பிட்டால் நுண்துளைகள் தெரிகின்றன அல்லவா? வார்ப்பிலும் அத்தகைய துளைகள் உண்டாகக்கூடும். அவை பலவீனம் என்பதால் உலோகத்தைத் தடிமனாக வைக்கிறார்கள். மற்றொரு முறையில், சூடான அலுமினியக் கட்டியைப் பெரும் அழுத்த இயந்திரத்தில் வைத்து அமுக்கி உருவாக்குகிறார்கள். சப்பாத்தி மாவை அழுத்திப் பிசைவது போல உலோகம் இறுகி வலுப்பெறுவதால் மெல்லியதாக இருந்தாலே போதும். செலவுதான் அதிகம். ஜப்பானின் ரேஸ் நிறுவனம் 1996-இல் வெளியிட்ட டி.இ-37 என்ற புகழ்பெற்ற சக்கரம் இவ்வகையைச் சேர்ந்தது. பெயரிலுள்ள 37 என்பது அதன் 15 அங்குலச் சக்கரத்தின் எடையான 3.7 கிலோவைக் குறிக்கிறது. இவ்விரண்டுக்கும் நடுவே, முதலில் வார்த்து, பின் விளிம்பை மட்டும் சூட்டில் உருட்டி நீட்டி மெல்லியதாக்கும் முறையும் உண்டு. நாம் மேலே கண்ட என்கை சக்கரம் அவ்வாறு செய்யப்பட்டதே. ஓரத்தில் உள்ள எடைதான் கெட்டது என்று நம் வளையம் சொன்னது நினைவிருக்கிறதா?

இலேசான சக்கரம் கடைக்காரர்களின் கண்டுபிடிப்பு என்றும் எண்ண வேண்டாம். மோல்ஷைமில் எத்தோரே புகாட்டி 1924-இல் உருவாக்கிய டைப் 35 பந்தயக் காருக்கு, எட்டுத் தட்டையான ஆரக்கால்களும் உள்ளேயே பிரேக் டிரம்மும் கொண்ட அலுமினியச் சக்கரங்களைத் தொழிற்சாலையிலேயே பொருத்தினார். ஜெர்மனியின் போர்ஷ நிறுவனம் 1966-இல் 911 எஸ் காருக்கு ஃபுக்ஸ் நிறுவனத்தின் அழுத்தி உருவாக்கிய சக்கரங்களைக் கொடுத்தது. ஐந்து இதழ் மலரைப் போன்ற அதன் அழகை இன்றும் வியக்கிறார்கள். அமெரிக்காவில் ஃபோர்டு நிறுவனம் 2015-இல் அறிமுகம் செய்த ஷெல்பி ஜி.டி. 350 ஆர் காருக்கு, ஆஸ்திரேலியாவின் ஜீலாங் நகரில் செய்யப்பட்ட கார்பன் நார்ச் சக்கரங்கள் தொழிற்சாலையிலேயே பொருத்தப்பட்டன. அதே அளவுள்ள அலுமினியச் சக்கரம் 33 பவுண்டு, அதாவது 15 கிலோ இருக்கும் என்றும், இது 18 பவுண்டு, அதாவது எட்டுக் கிலோ சொச்சம்தான் என்றும் ஃபோர்டு அறிவித்தது. இதைக் கழற்றிவிட்டுக் கடையில் சாதாரண அலுமினியச் சக்கரம் வாங்குபவர் காசும் கொடுத்துக் கனத்தையும் வாங்குகிறார்!

அப்படியானால் எல்லாக் கம்பெனிகளும் ஏன் இலேசான சக்கரத்தையே தருவதில்லை? செலவு ஒரு காரணம். மற்றொன்று பொறுப்பு. கம்பெனிச் சக்கரம் முழுப் பாரத்தோடு பல ஆண்டுகள் குழியிலும் நடைபாதை ஓரத்திலும் இடிபட்டு, மழையிலும் சேற்றிலும் கிடந்து, உடையாமல் இருக்க வேண்டும். அதற்காகச் சக்கரத்தை வளைத்துச் சுழற்றியும், பாரம் ஏற்றி உருட்டியும், மேலிருந்து எடையைப் போட்டு மோதியும் சோதிக்கிறார்கள். ஜப்பானில் இச்சோதனைகளுக்கான தரத்தின்படி செய்த சக்கரத்தில் ஜே.டபிள்யூ.எல். என்ற முத்திரை இருக்கும். நல்ல கடைச் சக்கரங்களும் இதில் தேறியவையே. அழகான சக்கரத்தை அப்படியே நகல் எடுத்து, மலிவான வார்ப்பில் செய்து விற்பவர்களும் உலகில் இருப்பதுதான் சங்கடம். கனமும் இருக்கும், வலுவும் இராது. கனமான பொருள்தான் உறுதியானது என்று பாத்திரக் கடையில் அம்மா சொல்லும் விதி இங்கே செல்லாது.

எடை ஒப்பிடுவதிலும் தவறு செய்ய இடமுண்டு. விளம்பரத்தில் போடும் எடை பெரும்பாலும் அந்த வகையில் மிகச் சிறிய அளவுக்கு உரியது. விட்டமும் அகலமும் ஒன்றாக உள்ளவற்றையே ஒப்பிட வேண்டும். டயரைக் கழற்றி, சமநிலைக்காக ஒட்டியிருக்கும் ஈயத் துண்டுகளையும் நடு மூடியையும் எடுத்துவிட்டு நிறுக்க வேண்டும். பெரிய தராசு இல்லாவிட்டால், நாம் எடை பார்க்கும் இயந்திரத்தில் சக்கரத்தோடு ஒரு முறையும் சக்கரம் இல்லாமல் ஒரு முறையும் ஏறி நின்று கழித்துக்கொள்ளலாம். நான்காம் வகுப்புக் கணக்குப் போதும்.

தோழியின் வீட்டில் என்ன நடந்தது என்று கேட்கிறீர்களா? சென்ற மாதம் புதிய சக்கரங்களில் ஒன்று குழியில் இடித்து விளிம்பு நெளிந்துவிட்டது. டயர் கடையில் அதைக் கழற்றிய சமயம் பார்த்து, பக்கத்துப் பழைய இரும்புக் கடைத் தராசில் நிறுக்கச் சொன்னோம். ஏழரைக் கிலோ. பழைய 13 அங்குல இரும்புச் சக்கரத்தையும் கொண்டுவரச் செய்து வைத்தோம். ஆறு கிலோகூட இல்லை! அண்ணன் தராசை ஒரு முறை தட்டிப் பார்த்தார். பிறகு, "அது 13, இது 15. ஒரே அளவு இல்லையே" என்றார். அதுவும் நியாயம்தான், நாங்கள் ஒன்றும் பேசவில்லை. தோழியின் அப்பா மட்டும், பழைய சக்கரங்களை எடைக்குப் போடாமல் மாடிப்படிக்கு அடியில் வைத்திருந்தது நல்லதாயிற்று என்று சொல்லிக்கொண்டே மற்ற மூன்றையும் எடுத்து வரப் போனார்.