தறிக்காரரின் முன்பணமும் இயக்குநரின் கடனும்

காஞ்சிபுரத்தில் கூலிக்கு நெய்யும் தறிக்காரர், தாம் நெய்த சேலைக்கு உரிமையாளர் அல்லர். பட்டையும் ஜரிகையையும் முதலாளி தருகிறார். நெசவாளருக்குக் கூலி மட்டுமே. வீட்டுத் திருமணத்துக்கு முன்பணம் வாங்கிவிட்டால், அதை அடைக்கும்வரை வேறொருவருக்கு நெய்வது அரிது. பிரியதர்ஷனின் 'காஞ்சிவரம்' திரைப்படத்தில், மகளின் திருமணச் சேலைக்காகப் பட்டு நூலை வாயில் ஒளித்துவரும் நெசவாளரைப் பலரும் மறந்திருக்க மாட்டார்கள்.

சுயாதீனத் திரைப்படம் எடுக்க முனையும் இளைஞர்கள் நிதிக்கு வழி கேட்கும்போது நான் இந்தத் தறியைத்தான் காட்டுகிறேன். பணம் எங்கே கிடைக்கும் என்பது அவர்கள் கேள்வி. படம் முடிந்தபின் அது யாருடையது என்பது என் கேள்வி. 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி திரைப்படத்தின் ஆசிரியர் தயாரிப்பாளரே, இயக்குநர் அல்லர்.

1998-இல் மத்திய அரசு திரைப்படத்துக்குத் தொழில் தகுதி அளித்து, வங்கிக் கடனுக்கு வழி திறந்தது. ஆனால், வங்கி பிணை கேட்கும். இன்னும் எடுக்கப்படாத படத்தை எப்படி அடமானம் வைப்பது? ஆகவே, சொத்து இல்லாதவர் தனியார் வட்டிக்கடனை நாடுகிறார். படத்தின் நெகட்டிவ் உரிமையே ஈடாகிறது. பாக்கி தீராமல் வெளியீட்டு நாளின் காலைக்காட்சி ரத்தாவது கோடம்பாக்கத்துக்குப் புதிதன்று.

மானியம் வட்டியில்லாதது, நிபந்தனையில்லாதது அல்ல. செனகல் நாட்டின் உஸ்மான் செம்பேன் பிரெஞ்சு நிதியுதவி பெற்று எடுத்த 'மண்டாபி' (1968) படத்தை, தம் மக்களின் ஒலோஃப் மொழியில் மட்டுமன்றி பிரெஞ்சிலும் படமாக்க நேர்ந்தது. ஆப்பிரிக்கப் படைப்பாளிகள் பலருக்கு இன்றும் ஐரோப்பிய நிதியங்களே புகலிடம்.

மூன்றாவது வழி நம் நாட்டிலேயே உண்டு. ஷ்யாம் பெனகலின் 'மந்தன்' (1976) படத்துக்கு குஜராத்தின் பால் உற்பத்தியாளர்கள் 5 லட்சம் பேர் தலா 2 ரூபாய் தந்தார்கள். ஆக 10 லட்சம் ரூபாய். படம் வெளியானதும் கிராமம் கிராமமாக வண்டியேறி வந்து பார்த்தவர்களும் அவர்களே. முதலீட்டாளரே பார்வையாளராக இருக்கும்போது விநியோகச் செலவில் பெரும்பகுதி குறைந்துவிடுகிறது. பொருளியல் ஆசிரியனாக நான் வியப்பது இதைத்தான். கன்னடத்தில் பவன் குமாரின் 'லூசியா' (2013) சுமார் 110 பேரின் பணத்தில் உருவானது.

ஆனால், இவ்வழியை நிறுவனமாக விரிப்பது கடினம். 2013-ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டப்படி, ஒரு நிதியாண்டில் 200 பேருக்கு மேல் தனிப்பட்ட முறையில் பங்கு வழங்க முடியாது. கூட்டு நிதித் திரட்டல் குறித்து செபி 2014-இல் கலந்தாய்வு அறிக்கை வெளியிட்டதோடு சரி.

கூட்டுறவுச் சங்கத்துக்கு அந்த வரம்பு இல்லை. காஞ்சிபுரத்தின் பட்டுக் கூட்டுறவுச் சங்கங்களில் தேக்கமும் நிர்வாகக் குறைகளும் உண்டு, மறுக்கவில்லை. எனினும், முதலாளியின் முன்பணத்துக்கு மாற்றாக நெசவாளருக்குக் கிடைத்தது அதுவே. திரைக்கலைஞர்களுக்கென அத்தகைய சங்கமொன்றைப் பதிவுசெய்து, உறுப்பினர் பங்குத்தொகையில் இரண்டு மூன்று சிறு படங்களை எடுத்துப் பார்க்கலாம். ஒரே படம் என்றால் இடர் அதிகம். இணையத்தள ஒளிபரப்பு உரிமையையும் மொழிமாற்ற உரிமையையும் எவருக்கும் நிரந்தரமாக விற்காமல், ஆண்டுக்கணக்கில் மட்டுமே தர வேண்டும் என்பதை அதன் துணைவிதிகளிலேயே எழுதிவிடலாம்.