கவ்வாத்துக்கு அடங்காத கலம்

பண்டாரவளையைச் சுற்றியுள்ள மலைகளில் கைவிடப்பட்ட தேயிலையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அது எவ்வளவு சீக்கிரம் காடாகிவிடும் என்று. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை கவ்வாத்துக் கத்தி விழுவதால்தான் கொழுந்தெடுக்கும் கைக்கு எட்டும் உயரத்தில் செடி நிற்கிறது. கத்தி விழாவிட்டால் தேயிலை மரமாகும். பக்கத்துச் செடிக்குரிய வெயிலையும் பிடுங்கிக்கொள்ளும்.

நம் உடம்பிலும் கவ்வாத்து நடக்கிறது. வளர்ந்த ஒருவரின் உடலில் நாளொன்றுக்கு 5,000 கோடிக்கு மேற்பட்ட கலங்கள் தாமாகவே செத்து விலகுகின்றன என்பது அறிவியலாளர் சொல்லும் மதிப்பீடு. வயிற்றிலிருக்கும் பிள்ளையின் கை முதலில் துடுப்பைப் போலத்தான் இருக்கும். இடையிலுள்ள கலங்கள் சாவதால்தான் ஐந்து விரலும் பிரிகின்றன. அடிபட்டுச் சாகும் கலம் வீங்கி வெடித்து அக்கம்பக்கத்தைப் புண்ணாக்கும். இந்தச் சாவு அப்படியில்லை. கலம் சுருங்கி, தன் டி.என்.ஏ.யைத் தானே துண்டாக்கி, சிறு பொட்டலங்களாகப் பிரிகிறது. அயற்கலங்கள் அவற்றை விழுங்கிவிடுகின்றன. சீழும் இல்லை, வீக்கமும் இல்லை. ஜோன் கெர், அன்ட்ரூ வில்லி, அலஸ்டெயர் கரி என்ற மூவர் 1972இல் இதற்கு ‘அப்போப்டோசிஸ்’ என்று பெயரிட்டார்கள். ஸ்கொட்லாந்தின் அபர்டீன் பல்கலைக்கழகத்துக் கிரேக்கப் பேராசிரியர் ஜேம்ஸ் கோர்மாக் எடுத்துக்கொடுத்த சொல் அது. மரத்திலிருந்து இலை உதிர்வதைக் குறிப்பது.

எந்தக் கலம் உதிர வேண்டும் என்று யார் சொல்கிறார்கள்? கலம் அதை எப்படிக் கேட்கிறது?

கேட்கும் காது கலத்தின் மென்சவ்வில் இருக்கிறது. 1989இல் ஜப்பானில் யொனெஹாராவும் ஜெர்மனியின் ஹைடல்பெர்க்கில் பீட்டர் கிராமரும், ஒருவர் வேலை மற்றவருக்குத் தெரியாமலே, விசித்திரமான பிறபொருளெதிரிகளைக் கண்டார்கள். கலத்தின் மேற்பரப்பிலுள்ள ஒரு புரதத்தில் அவை போய் ஒட்டினால் போதும், கலம் செத்துவிடும். இருவர் கண்டதும் ஒரே புரதம் என்பது பிறகு தெளிந்தது. 1991இல் ஒசாகாவில் ஷிகெகாசு நகாதாவின் குழு அதன் பரம்பரையலகைப் பிரித்தெடுத்தது. அதன் பெயர் ஃபாஸ். இவ்வகைப் புரதங்களை ‘மரண வாங்கிகள்’ என்கிறார்கள்.

நோயெதிர்ப்புக் கலம் ஒன்று, கெட்டுப்போன கலத்தை நெருங்கி, தன்மேல் ஏந்தியிருக்கும் ஃபாஸ் பிணைப்பியை அதன் வாங்கிமேல் வைக்கிறது. பிணைப்பிக்கு மூன்று கை. மூன்று வாங்கிகளை அது ஒன்றாகச் சேர்த்துப் பிடிக்கிறது. சவ்வுக்கு உள்ளே நீண்டிருக்கும் வாங்கிகளின் வால்களும் அப்போது நெருங்கி வருகின்றன. அந்த வாலிலிருந்து செய்தியை உள்ளே கொண்டுபோகும் ஆள் யார் என்று பல ஆய்வுகூடங்கள் போட்டி போட்டுத் தேடின. 1995இல் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் விஷ்வ தீட்சித்தின் ஆய்வுகூடத்திலிருந்து விடை வந்தது. ‘ஃபாட்’ என்ற அந்தப் புரதத்தை அறிவித்த கட்டுரையில் முதற்பெயர் அருள் சின்னையன். இஸ்ரேலில் டேவிட் வாலக்கின் குழுவும் அதே ஆண்டு அதையே கண்டது. சின்னையன் அப்போது மாணவர். நம் லயங்களில் வரிசைக்கு ஒரு சின்னையா இருந்த காலம் உண்டு. அதனாலோ என்னவோ, அந்தப் பெயரைப் படித்த இடத்தில் நான் சிறிது நேரம் நின்றுவிட்டேன்.

ஃபாட் வந்து ஒட்டியதும் காஸ்பேஸ்-8 என்ற நொதியம் அங்கே கூடி விழித்துக்கொள்கிறது. அது இன்னொரு காஸ்பேஸை வெட்டி எழுப்ப, அது கலத்தின் தூண்களையெல்லாம் வெட்டுகிறது. சில மணி நேரத்தில் கலம் இல்லை. இந்தச் சங்கிலி அறுந்தால் என்ன ஆகும் என்பதைப் பிள்ளைகளிடமே காணலாம். ஃபாஸில் விகாரத்தோடு பிறக்கும் சில பிள்ளைகளுக்கு நிணநீர்க் கணுக்களும் மண்ணீரலும் பெருத்துவிடும். வேலை முடிந்தும் உதிராத நோயெதிர்ப்புக் கலங்கள் அங்கே குவிந்து, சொந்த இரத்தத்தையே தாக்கும். இதையும் 1995இல்தான் கண்டுபிடித்தார்கள்.

இதையெல்லாம் பண்டாரவளையில் உட்கார்ந்து எழுதுவதற்குக் காரணம் வெற்றிலை.

அதிகாலைப் பிரட்டுக்குப் போகும் பெண்ணின் இடுப்பில் சுருக்குப்பை இருக்கும்: வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, ஒரு துண்டுப் புகையிலை. குளிர் தெரியாது, பசி தெரியாது. அட்டை காலில் ஏறினால் அதற்கும் சுண்ணாம்பு. வயிற்றுக்குப் போதாத சம்பளத்தில் நிறை கொழுந்து எடுக்க வேண்டியவர்கள் பிடித்துக்கொண்ட துணை அது. அந்தப் பழக்கத்தை ஏளனமாகப் பேச எனக்கு வாய் வராது. ஆனால் கடைவாயில் அடக்கி வைத்திருக்கும் அந்த உருண்டை செய்வதைச் சொல்லாமலும் இருக்க முடியாது. சுண்ணாம்பின் காரத்தில் பாக்கின் பொருள்கள் கலத்தைத் தாக்கும் ஒட்சிசன் மூலிகங்களைக் கக்குகின்றன. புகையிலையின் நைத்திரசோ அமைன்கள் டி.என்.ஏ.யைச் சிதைக்கின்றன. புகையிலையே சேர்க்காவிட்டாலும் வெற்றிலை பாக்கு புற்றுநோய் தரும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2003இல் முடிவு செய்தது. ‘போயிலைதானே கெடுதி, நான் வெறும் பாக்குத்தான்’ என்று சொல்லும் அம்மாயிமார் இதைக் கேட்க வேண்டும்.

இலங்கை ஆண்களுக்கு வரும் புற்றுநோய்களில் வாய்ப் புற்றுநோய் முன்வரிசையில் நிற்கிறது. மத்திய மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத் தொழிலாளரிடையே வாய்ப் புற்றுநோயும் அதன் முன்னறிகுறிகளும் எவ்வளவு என்று நம் நாட்டுப் பல் மருத்துவ ஆய்வாளர்களே போய்ப் பார்த்து எழுதியிருக்கிறார்கள்.

இனி அந்தச் சங்கிலிக்கு வருவோம். 2013இல் இந்திய ஆய்வாளர் குழு ஒன்று, ஈறிலும் உட்கன்னத்திலும் வரும் புற்றுநோய்க் கட்டிகளின் பரம்பரையலகுகளை வரிசையாகப் படித்து வெளியிட்டது. புகையிலை மெல்லும் பழக்கத்தோடு நெருங்கிய உறவுள்ள புற்றுநோய் அது. அடிக்கடி விகாரப்பட்டிருந்த சில பரம்பரையலகுகளில் ஒன்று காஸ்பேஸ்-8. வாங்கி வெளியே நின்று கேட்கலாம், ஃபாட் வந்து ஒட்டலாம். அதற்கடுத்த கண்ணி முறிந்திருந்தால் ‘நீ உதிர்’ என்ற சொல் கலத்துக்குள் சேராது. எல்லாக் கட்டியிலும் இப்படி என்று சொல்ல முடியாது. தற்செயல் என்று தள்ளிவிட முடியாத அளவுக்கு அடிக்கடி என்று சொல்லலாம். கவ்வாத்துக்கு அடங்காத கலம் கன்னத்துக்குள் மரமாவது இப்படியும்தான்.

வாங்கியை மருந்தால் தட்டி எழுப்ப முடியாதா என்றால், முயன்றார்கள். 1993இல் ஃபாஸைத் தூண்டும் பிறபொருளெதிரியைச் சுண்டெலிகளுக்கு ஏற்றினார்கள். சில மணி நேரத்தில் ஈரல் அழிந்து அவை செத்தன. ஈரற்கலங்களிலும் அதே வாங்கி இருக்கிறது. ‘ட்ரெயில்’ என்ற இன்னொரு பிணைப்பி சாதாரண கலங்களைப் பெரும்பாலும் விட்டுவிட்டுப் புற்றுக்கலங்களைக் கொல்வதைக் கண்டு உலகமே எதிர்பார்த்தது. நோயாளிகளிடம் சோதித்தபோது எதிர்பார்த்த பலன் கிட்டவில்லை. வேலை தொடர்கிறது. மருந்துக்காகக் காத்திருக்க நம் கன்னங்களுக்குத்தான் நேரமில்லை.

வாய்ப் புற்றுநோயில் ஒரேயொரு சலுகை இருக்கிறது: அது கண்ணுக்குத் தெரியும். ஈரலையோ கணையத்தையோ காம்பராவில் நின்று பார்க்க முடியாது, கன்னத்தைப் பார்க்கலாம். ஆகவே இதைப் படிப்பவர்கள் இன்று வீட்டுக்குப் போனதும், வெற்றிலை போடும் அப்பாயியையோ அப்பாவையோ வாசல் வெளிச்சத்தில் உட்காரவைத்து வாயைத் திறக்கச் சொல்லுங்கள். கன்னத்தின் உட்புறம், ஈறு, நாக்கின் அடி, நாக்கின் ஓரம் எல்லாம் பாருங்கள். தேய்த்தாலும் போகாத வெள்ளைத் திட்டு, சிவந்த திட்டு, இரண்டு வாரமாகியும் ஆறாத புண், தடிப்பு, மூன்று விரலைச் செங்குத்தாக நுழைக்க முடியாதபடி இறுகிய வாய்: இவற்றில் ஒன்று இருந்தாலும் வலிக்கட்டும் என்று காத்திருக்க வேண்டாம். தொடக்கத்தில் அது பெரும்பாலும் வலிக்காது. அரச வைத்தியசாலையின் பல் சிகிச்சைப் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள். அங்கே பார்ப்பதற்குக் காசு கேட்க மாட்டார்கள். ஒரு நாள் பேரும் அதன் சம்பளமும் போனால் போகட்டும். இரவில் உருண்டையைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு படுப்பதையாவது இன்றிலிருந்து நிறுத்தச் சொல்லுங்கள்.