அதலை தூங்கும் மாதம்

சிவகாசியிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். தெருவில் சும்மா கிடந்த மனையை நாலைந்து வீட்டுக்காரர்கள் சேர்ந்து வேலியடைத்துக் காய்கறி போட்டிருக்கிறார்கள். மாசி வரைக்கும் குறையில்லையாம். சித்திரை பிறந்ததும் தக்காளி பூவை உதிர்க்கிறது, சுரைக்கொடி வேலி முழுக்கப் பூத்தும் ஒரு பிஞ்சைக் காணோம். அக்னி நட்சத்திரத்தில் என்னதான் போடலாம் என்று கேட்கிறார்.

சுரையில் பூத்திருப்பது அத்தனையும் ஆண் பூவாக இருக்கும். பகல் நீண்டு சூடும் ஏறினால் அந்தக் குடும்பத்துக் கொடிகள் ஆண் பூவாகவே தள்ளும். தக்காளிக்கு வெயில் 35 டிகிரியைத் தாண்டினால் மகரந்தம் கெட்டுப்போகும். இதற்கெல்லாம் உரக்கடையில் டானிக் வாங்கி அடிப்பது வீண் செலவு. கொத்தவரையும் வெண்டையும் தண்டுக்கீரையும் தாக்குப்பிடிக்கும். மூடாக்குப் போட்டு, வெயில் தாழ்ந்ததும் தண்ணீர் விடுங்கள். இவ்வளவும் அவருக்கே தெரிந்திருக்கும்.

எனக்கு அந்த மனையில் ஒரு மூலை வேண்டும். சித்திரை, வைகாசியில் புல்கூட முளைக்காமல் மொட்டையாகக் கிடக்கிற மூலை. அங்கே மண்ணுக்கடியில் அதலைக் கிழங்கு இருக்கட்டும்.

விருதுநகர், அருப்புக்கோட்டை, சாத்தூர்க்காரர்களிடம் அதலைக்காயை விளக்கினால் சிரிப்பார்கள். மற்றவர்களுக்காக: ஓர் அங்குலத்துக்குக் கொஞ்சம் கூடக் குறைய இருக்கும், மேலே வரி வரியாக ஓடும் கரும்பச்சைக் காய். பாகலின் இனம், பாகலளவு கசக்காது. பாகல் பூ மஞ்சள், இதன் பூ வெளிறிய வெள்ளை. மொமோர்டிகா சிம்பலேரியா என்பது அறிவியல் பெயர். அந்தப் பெயருக்கு முன்பே தாவரவியலாளர் வில்லியம் ராக்ஸ்பர்க் இதைப் பீர்க்கோடு சேர்த்து, கிழங்கையும் குறிப்பிட்டு, லூஃபா டியூபரோசா என்று பெயரிட்டிருந்தார். இனத்தில் பிசகினாலும் விஷயத்தைப் பிடித்துவிட்டார். இந்தச் செடியின் சூட்சுமம் கிழங்கில்தான் இருக்கிறது.

நம் கரிசல் மண் லேசுப்பட்டதல்ல. அதிலுள்ள களி ஈரம் பட்டால் உப்பும், காய்ந்தால் சுருங்கும். கோடையில் காலை விட்டால் மாட்டிக்கொள்ளும் அளவுக்கு வெடிப்பு விடும். வெடிப்பு விரியும்போது குறுக்கே போகும் மெல்லிய வேர்கள் அறுந்துபோகும். மேல்மண் உதிர்ந்து வெடிப்புக்குள் விழும், மழை பெய்ததும் வெடிப்பு மூடிக்கொள்ளும். யாரும் உழாமலே மண் மேலும் கீழுமாகப் புரள்கிறது. இந்த மண்ணில் நிரந்தரமாகக் குடியிருக்க ஒரு செடி என்ன செய்ய வேண்டுமோ அதை அதலை செய்கிறது. தை கழிந்ததும் கொடி, இலை எல்லாவற்றையும் காயவிட்டு, கட்டைபோல் தடித்த கிழங்காக மட்டும் உள்ளே இருந்துகொள்கிறது. இலை இல்லாததால் நீர் ஆவியாகிற வழியும் இல்லை. வடகிழக்குப் பருவமழை விழுந்ததும் சேமிப்பிலிருந்து தளிர் விட்டு, ஐப்பசி, கார்த்திகை, மார்கழிக்குள் பூத்துக் காய்த்துவிடும். சிவகாசியில் ஆடிப்பெருக்கன்று காலண்டர் ஆல்பம் வெளியிட்டு, மார்கழிக்குள் அச்சடித்து அனுப்பி, வருஷத்துச் சம்பாத்தியத்தை முடிக்கும் அச்சகக்காரரின் கணக்கும் இதுதான்.

1922இல் சிவகாசியிலிருந்து ஐய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்றுவந்தார்கள். அந்தத் தொழில் இங்கே நிலைத்ததற்கு வறண்ட காற்றும் ஒரு காரணம், குச்சியும் மருந்தும் சட்டென்று காயும். ஊருக்குப் பேர் வாங்கிக் கொடுத்த அதே வறட்சியில் பழகிய காய் இது. ஊர் அதை எப்படி நடத்துகிறது?

பருத்திக்காட்டிலும் சோளக்காட்டிலும் தானாக முளைத்ததால் அதற்குக் களை என்று பெயர். முன்பு களையெடுக்கப் போன பெண்கள் காயை மடியில் பறித்துக்கொண்டு வருவார்கள். கிழங்கு ஆழத்தில் கிடக்கும், மறுவருஷமும் கொடி வரும். இப்போது மக்காச்சோளத்துக்குக் களைக்கொல்லி அடிக்கிறார்கள், அதலைக்கும் சேர்த்துத்தான். போதாததற்குச் சட்டிக்கலப்பை அடிமண்ணையே புரட்டி, கிழங்கை வெயிலில் போட்டுவிடுகிறது. இன்னொரு பக்கம் சர்க்கரை நோய்க்கு என்று பொடியாக்கி விற்கிறார்கள். எலிகளிடம் நடந்த ஆராய்ச்சியை வைத்து மனிதர்கள் மாத்திரையை நிறுத்தக் கூடாது. கிழங்கு சாப்பிடும் பொருளும் அல்ல. கருவைக் கலைக்க நாட்டு வைத்தியத்தில் பயன்பட்ட சரக்கு அது, விளையாட்டுக்கும் தொடவேண்டாம். பாகலைவிடச் சுண்ணாம்புச் சத்து கூடுதல் என்பது காயைப் பொரியலாகச் சாப்பிடப் போதுமான காரணம்.

விதை போட்டு வளர்க்க நினைத்தால் பொறுமை வேண்டும். மேல்தோல் கெட்டி, லேசில் முளைக்காது. தெரிந்த சம்சாரி யாராவது புஞ்சையை உழும்போது புரளும் கிழங்குகளைக் கேட்டு வாங்குங்கள், எறியப்போவதைத்தானே கேட்கிறீர்கள். முதல் மழைக்கு முன் நட்டு, படர நாலு விறகுக் குச்சி ஊன்றினால் போதும். பொதுத் தோட்டம் என்பதால் ஒன்று முக்கியம். கொடி காய்ந்த பிறகு அங்கே செடி இருந்த தடமே தெரியாது. மனை காலியாகத்தானே கிடக்கிறது என்று யாராவது கத்தரி நட மண்வெட்டியோடு இறங்குவார்கள். ஒரு கல்லை நட்டு, எல்லா வீட்டிலும் சொல்லிவையுங்கள்.

காய்த்த பிறகும் அவகாசம் தராது. பறித்து ஒரு நாள் வைத்தால் கூடையிலேயே வெடித்துவிடும். பெரிய சந்தைகளுக்கு அதிகம் போகாமல், தெருவோரத்தில் கூறு கட்டி விற்பதோடு நின்றதற்கு அதுவே காரணம். காலையில் பறித்தால் காம்பையும் வாலையும் கிள்ளிவிட்டு, சின்ன வெங்காயமும் வரமிளகாயும் தாளித்து, முழுக்காயாகவே வதக்கித் தேங்காய்ப்பூ தூவுங்கள். மிஞ்சினால் மறுநாளுக்கு வைக்காமல் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிடுங்கள்.