பேட்டுக்கு இஎம்ஐ போடறதுக்கு முன்னாடி

போனஸ் வந்ததும் வாங்கலாம்னு 20,000 ரூபாய் பேட்டை கார்ட்டில் போட்டு வெச்சிருக்கீங்களா? ஒரு நிமிஷம். நீங்க எந்தப் பந்துல ஆடறீங்க?

ஞாயிற்றுக்கிழமை ஆபீஸ் டீமோட டென்னிஸ் பால்தான்னா, காஷ்மீர் வில்லோவே தாராளம். கட்டை கெட்டி, எடை கொஞ்சம் கூடுதல். ஆனா 2,000, 3,000 ரூபாய்க்குள்ள வேலை முடிஞ்சிடும்.

லெதர் பால்ல லீக் ஆடறவங்களுக்குத்தான் இங்கிலீஷ் வில்லோ தேவை. அதிலும் கிரேடு 1, 2, 3 என்பது பெரும்பாலும் கட்டையின் தோற்றத்தைப் பார்த்துப் போடுவது. கோடுகள் நேரா இருக்கா, கறை இருக்கா, அவ்வளவுதான். சின்னக் கறை இருந்தா பவுண்டரி போகாதுன்னு இல்லை.

நான் முதல் சம்பளத்தில் கோடுகளை எண்ணித்தான் இஎம்ஐயில் வாங்கினேன். லின்சீட் ஆயில் தடவி, மர மேலட்டால் மணிக்கணக்கில் தட்டிப் பதப்படுத்தணும்னு யாரும் சொல்லலை, நானும் கேட்கலை. மூணாவது மேட்ச்ல ஒரு யார்க்கர். பேட்டின் அடிமுனை விரிஞ்சிடுச்சு. தவணை இன்னும் நாலு பாக்கி!

அதனால லெதர் பால் ஆடறவங்க கிரேடு 3 பாருங்க, மிச்சத்தில் நல்ல ஹெல்மெட் வாங்குங்க. ஸ்டிக்கரில் யார் பேர் இருக்குன்னு பார்க்காதீங்க. ஒரே 1,180 கிராம் பேட் ரெண்டு, கையில் வேற வேற கனமா தெரியும். எடை எந்த இடத்தில் இருக்குங்கறதுதான் காரணம். கடைக்கே போய், மேல் கையால் மட்டும் பிடிச்சு பத்து தடவை சுத்திப் பாருங்க. மணிக்கட்டு வலிச்சா, அடுத்த பேட்டை எடுங்க.