கங்காதேவியின் கல்யாண அறை

ஊரிலிருந்து உறவினர் வந்தால் குதுப்மினார், செங்கோட்டை, பிர்லா மந்திர் என்று சுற்றிக் காட்டுகிறோம். பைரோன் மார்க்கில் உள்ள கைவினை அருங்காட்சியகத்துக்கு அழைத்துச் செல்பவர்கள் தில்லிவாழ் தமிழர்களில் மிகக் குறைவு. நம்மூர் அய்யனார் குதிரைகள் அங்கே நிற்கின்றன என்பதுகூடப் பலருக்குத் தெரியாது! ஆனால் நான் சொல்ல வந்தது, அங்கே இருந்து இப்போது இல்லாமற்போன ஓர் ஓவியத்தைப் பற்றி.

அதை வரைந்தவர் பீகாரின் மதுபனிப் பகுதியைச் சேர்ந்த கங்காதேவி. ஓவியப் பள்ளி எதிலும் படித்தவர் அல்லர். நம் வீட்டுப் பெண்கள் கோலம் கற்றுக்கொள்வதுபோல் தாயாரிடம் கற்றார். அந்தப் பக்கத்தில் புதுமணத் தம்பதியர் தங்கும் அறைச் சுவரில் 'கோஹ்பர்' எழுதுவது வழக்கம். தாமரை, மூங்கில், மீன், ஆமை, கிளி, சூரிய சந்திரர் எல்லாம் அதில் உண்டு. வம்சம் தழைக்க வேண்டும் என்பதே வேண்டுதல். இத்தனை மங்கலமாக எழுதிய அந்த அம்மாளின் சொந்த வாழ்வில், கணவர் இரண்டாம் தாரம் கட்டிக்கொண்டார்.

1960களின் வறட்சிக்குப் பிறகு, சுவரில் எழுதியதைக் காகிதத்தில் எழுதி விற்க வழி பிறந்தது. மயிரிழை போன்ற அவருடைய கோடுகள் தேசிய விருதையும், 1984இல் பத்மஸ்ரீயையும் பெற்றுத் தந்தன.

பின்னர் புற்றுநோய். தில்லியில் சிகிச்சை பெற்றுவந்த காலத்திலேயே, அருங்காட்சியகத்தின் ஓர் அறைச் சுவர்களில் முழுமையான கோஹ்பர் ஒன்றை எழுதினார். 1991இல் காலமானார். 2015இல், புதுப்பிக்கும் பணியின்போது அந்தச் சுவர் ஓவியம் அழிக்கப்பட்டது.

வாசல் கோலமும் அழிவதுதானே என்று கேட்கலாம். கோலத்தை மறுநாள் போட ஆள் இருக்கிறது, இதற்கு இல்லை. ரயில்வேயில் பழைய பாலத்தில் கை வைக்குமுன் ஒவ்வொரு பாகத்துக்கும் எண் எழுதி, வரைபடம் எடுத்து, கையெழுத்து வாங்குவோம். ஒரு சுவருக்கு அந்த மரியாதை கிடைக்காததுதான் என்னை உறுத்துகிறது.

காகிதத்தில் எழுதியவை தப்பின. 1985இல் அமெரிக்கா சென்று வந்தபின் அவர் வரைந்த 'ரோலர் கோஸ்டர்' சவாரிப் படம் அதே அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் உள்ளது. வளைந்து நெளியும் தண்டவாளம், அதில் மிதிலைக் கண்களோடு அமெரிக்கப் பயணிகள். 'கர்வ்' கணக்குப் பார்த்தே காலம் கழித்த எனக்குச் சிரிப்பு வந்தது.