தோற்றவருக்கும் ஒரு பாட்டு

செஞ்சிக் கோட்டையை அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கும். ராஜகிரி மேல் ஏறி இறங்கினாலோ முழங்கால் வலிக்கும். இரண்டு வலியும் தீரக் கடைத்தெருவில் ஒரு டீ சாப்பிடும்போது, பக்கத்தில் இருக்கும் பெரியவரிடம் காமராஜரைப் பற்றிப் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். கதர் வேஷ்டியானாலும் சரி, கறுப்பு சிவப்புக் கரை வேஷ்டியானாலும் சரி, "அந்த மாதிரி மனுஷன் இனி வருவாரா?" என்ற பெருமூச்சுத்தான் வரும்.

அப்படியானால் 1967-ல் அவரைத் தோற்கடித்தது யார்? வேற்றூர்க்காரர்களா?

சற்றுப் பின்னால் போவோம். செஞ்சி அன்று தென்னாற்காடு ஜில்லாவைச் சேர்ந்தது. 1952 தேர்தலில் காங்கிரஸை எதிர்த்து 19 ஸ்தானங்களைப் பிடித்த உழைப்பாளர் கட்சிக்கு இந்த ஜில்லாதான் கோட்டை. 1954-ல் முதல் மந்திரியான காமராஜர், அக்கட்சித் தலைவர் ராமசாமி படையாட்சியாரைத் தம் மந்திரி சபையிலேயே சேர்த்துக் கொண்டார். எதிரே நின்றவரைப் பக்கத்தில் உட்கார வைப்பது அவருக்குக் கைவந்த கலை!

அதே ஆண்டு குடியாத்தம் இடைத்தேர்தலில் தி.மு.க. அவரை எதிர்க்கவில்லை, கம்யூனிஸ்டுகள்தான் எதிர்த்தார்கள். காங்கிரஸை ஒழிப்பேன் என்ற பெரியாரோ, அவரைப் 'பச்சைத் தமிழர்' என்று கொண்டாடினார். பிறகு பள்ளிகள் பெருகின. குழந்தைகளுக்கு மதிய உணவு வந்தது. செஞ்சிப் பக்கமிருந்து ஓடும் சங்கராபரணி ஆற்றில் வீடூர் அணை எழுந்தது. 1963-ல் பதவியைத் தாமே துறந்து டில்லிக்குப் போனவர், சாஸ்திரியும் இந்திரா காந்தியும் பிரதமராவதற்கு முன்னின்றார்.

இவ்வளவுக்கும் பிறகு, சொந்த ஊரான விருதுநகரில், ஒரு மாணவர் தலைவரிடம் 1,285 வோட்டில் தோற்றார்!

ஜனங்கள் நன்றி கெட்டவர்களா? அவசரப்பட்டுச் சொல்லி விடாதீர்கள். அரிசிக்காகக் கால் கடுக்க நின்ற தாய் வோட்டுச் சாவடிக்கும் போனாள். 1965 ஹிந்தி எதிர்ப்புக் கிளர்ச்சியில் அடிபட்ட பிள்ளையின் தகப்பனும் போனான். காமராஜர் மீது அவர்களுக்குக் கோபமில்லை; சர்க்கார் மீதுதான் கோபம். ஆனால் வோட்டுச் சீட்டில் அப்படிப் பிரித்து எழுத இடமேது? மரியாதை ஒரு கணக்கு, வோட்டு வேறொரு கணக்கு என்று நம் வாக்காளர் வைத்திருக்கிறார். கழுத்தில் விழும் மாலையை எண்ணி வோட்டைக் கணக்கிடும் தலைவர்கள் ஏமாறுவது இதனால்தான்.

1969-ல் நாகர்கோவில் மக்கள் அவரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பினார்கள். 1975-ல் அவர் மறைந்தார். 2006-ல் அவருடைய பிறந்த நாளைக் கல்வி வளர்ச்சி நாளாக்கியது, எதிர்க் கட்சியாக இருந்த தி.மு.க.வின் சர்க்கார்தான்.

செஞ்சிக்கு இது புதிதல்ல. 1714-ல் தேசிங்கு ராஜனை ஆற்காட்டு நவாப் சாதத்துல்லா கான் போரில் வென்றார். வென்றவரின் பெயர் இன்று எத்தனை பேருக்குத் தெரியும்? ஜனங்கள் பாட்டுக் கட்டியது தோற்றவனுக்குத்தான்.

ஆனால் தேசிங்கு அந்தப் பாட்டைக் கேட்கவில்லை. காமராஜராவது, நாகர்கோவிலில் ஓர் அடி கேட்டுவிட்டுப் போனார்.